மத்தியானப் பாய்

பிள்ளை வார்த்தையை மட்டும் எடுக்காது, சொன்ன ஆளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும் என்று சொர்ணத்தாயிடம் முதன்முதலாகச் சொன்னது பால்வாடி எஸ்தர் டீச்சர்தான். அது ஆச்சு இருபத்தெட்டு வருஷம். மூத்தவன் கதிரேசனுக்கு மூன்று வயசு முடிந்தும் வாய் திறக்கவில்லையே என்று அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்வாடி வாசலில் போய் நின்ற ஆடி மாசத்துக் காலை அது. டீச்சர் சத்துமாவை உருண்டை பிடித்துக்கொண்டே, பேச்சை யாரும் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க முடியாது சொர்ணம், அது பாட்டுக்குப் பக்கத்தில கிடந்து எடுத்துக்கிடும், நாம குடுக்கிறதையும் எடுக்கும், ஒளிச்சு வைக்கிறதையும் எடுக்கும் என்றாள். மாவு ஒட்டிய விரலால் கதிரேசனின் தாடையைத் தொட்டுத் திருப்பி, அவன் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வீட்ல எதுக்காச்சும் பயந்தானா?" என்று கேட்டாள். "இல்ல டீச்சர்" என்றாள் சொர்ணத்தாய். ஒரே ஒரு இல்லை. நாள் தவறாமல் விளக்கேற்றுகிற வீட்டு வாய்தான் அதைச் சொன்னது. சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கையில் பிள்ளை இடுப்பில் கனத்தது இன்னமும் இடுப்புக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் எத்தனையோ இல்லை சொல்லியாயிற்று, அரிசி இல்லை, நேரம் இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதெல்லாம் கரைந்து போய்விட்டது. அந்த ஒன்று மட்டும் கரையவில்லை. இன்றைக்குக் காலையில் யமுனா வாசலில் வண்டியை நிறுத்தி அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டபோது, அது தொண்டைக்குள் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

மணி ரெண்டேகால். லைன் வீட்டின் ஒற்றை அறையில் கோரைப்பாய் விரித்திருக்கிறது. வழக்கமாக இது சொர்ணத்தாய் ஒரு தூக்கம் போட்டு முடிக்கப் போகிற நேரம். ஒரு மணிக்குப் பிள்ளைக்குச் சோறூட்டி, அணைத்துப் படுக்கவைத்து, அதன் முதுகில் தட்டிக்கொண்டே தானும் கண்ணசந்தால் மூன்று மணிக்குப் பால்காரன் மணியடிக்கிறபோதுதான் முழிப்பு. பத்து மாசமாக இப்படித்தான். இன்றைக்கு அவள் தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, ஜெபமாலை மாதிரி விரலுக்குள் முருகன் பேரை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கம் வந்து இமையைத் தொடும்போதெல்லாம் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். யமுனா கேட்டிருக்கிறாளே. யமுனாவின் மகள்தான் இந்த ஆதிரை, ரெண்டு வயசு நாலு மாசம், எட்டரைக்கு விட்டுவிட்டு ஆறரைக்குத் தூக்கிப் போவார்கள். யமுனாவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் வேலை, அவள் வீட்டுக்காரர் தினகருக்குத் துணிக்குச் சாயமேற்றுகிற டையிங் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. திருப்பூரில் ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளெல்லாம் இப்படி ஒரு சொர்ணத்தாயைத் தேடித்தான் வைத்திருக்கின்றன. காலையில் யமுனா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கண் சிவந்திருந்தது. "அக்கா, ஒண்ணு கேக்கோணும். பாப்பா ஒரு பேச்சு பேசறா. ஞாயித்துக்கெழம சாயங்காலம் பொம்மையப் படுக்க வெச்சுட்டு, அழுதா வாயில துணிய அடச்சிருவேன்னு சொல்றாக்கா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. அன்னிக்கு நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன், அவருதான் பகலெல்லாம் கூட இருந்தாரு. கேட்டா, பாப்பா தலமேல அடிச்சு சத்தியம் பண்றாரு. நான் நம்பலீங்க்கா. நாலு நாளா பேசறதில்ல. சனிக்கெழம எங்கண்ணன் கார் எடுத்துட்டு வர்றான், கோபிக்கு, எங்கம்மா வூட்டுக்கே போறேன். போனா போனதுதான், திரும்ப மாட்டேன்." சொர்ணத்தாய் பிள்ளையை வாங்கிக்கொள்ள நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. "நீங்க பகலெல்லாம் கூட இருக்கறீங்க. இன்னிக்கு ஒரு நா கவனிச்சு, எங்கிருந்து புடிச்சான்னு சாயங்காலம் சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான். சாமி கும்புடற வாயி." வண்டி போனபின்பும் பெட்ரோல் வாடை வாசலில் நின்றது. சாமி கும்பிடுகிற வாய். எஸ்தர் டீச்சர் கேட்டபோதும் இதே வாய்தானே.

பக்கத்து வீட்டு ஓவர்லாக் தையல் மிஷின் விட்டு விட்டு ஓடியது, ஒரு இழுப்பு, நிறுத்தம், இன்னொரு இழுப்பு. ஆதிரையும் இன்றைக்குத் தூங்கவில்லை. பக்கத்தில் படுக்க ஆள் இல்லாததால் இருக்கலாம். ஒற்றைக் கண் போன துணிப்பொம்மையை இழுத்துக்கொண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு மூலையில் போய் நின்று சோப்புப் பெட்டியைக் காதில் வைத்து, குறுக்கும் நெடுக்கும் நடந்து, "லோ... ம்... ம்... செரி... லோடு வந்துச்சா" என்றது. அது தினகர். போன் வந்தால் அவர் உட்கார மாட்டார், நடந்துகொண்டேதான் பேசுவார். சொர்ணத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சோப்புப் பெட்டியைப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "எத்தன தடவ சொல்றது ஆதி" என்றது. அது யமுனா, அச்சு அசல். அப்புறம் பாயில் உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு வயசுக் காலுக்கு என்ன வலியோ, "முக்கா" என்று பெருமூச்சு விட்டது. அது சொர்ணத்தாய்தான். குந்தி எழும்போதெல்லாம் அவள் கூப்பிடுகிற முருகன் அப்படிப் பிள்ளையின் வாயில் முக்காவாகி, முழங்கால் வலியோடு சேர்ந்து போய்விட்டான். யமுனா போன மாசம் விழுந்து விழுந்து சிரித்தாள், "அக்கா, எனக்கு இருவத்தொம்போதுதான் ஆகுது, இவளுக்கு அறுவது ஆயிருச்சு" என்று. பிள்ளை வார்த்தையை மட்டும் எடுக்காது. கையோடு, காலோடு, வலியோடு எடுக்கும். சொர்ணத்தாய் தலையை ஆட்டி அந்த நினைப்பைத் தள்ளினாள், அது ஈ மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. இந்தப் பிள்ளை ஒன்றரை வயசில் இங்கே வந்தபோது ஒரு சொல் கிடையாது. ம், ங்கா, விரலைக் காட்டி அழுகை, அவ்வளவுதான். யமுனா டாக்டர் டாக்டராக அலைந்தாள். காது நன்றாகக் கேட்கிறது, வீட்டில் நிறையப் பேசுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். சொர்ணத்தாய் வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தொட்டு வைத்தாள். முகத்துக்கு நேரே முகம் வைத்து, வாய் அசைவது தெரிகிற மாதிரி அணைத்துப் படுத்தாள், அதுவும் எஸ்தர் டீச்சர் அந்தக் காலத்தில் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் என்ன பேசுவது? அவளுக்குப் பேச்சு பழக்கமில்லை. முப்பது வருஷம் பேசாமல் இருந்தே பழகிய வாய். சோறு தின்னு, காக்கா பாரு, தூங்கு, அதற்குமேல் ஒன்றும் வராது. கூச்சமாக இருக்கும். அதனால் ஊரில் இருக்கிற பேச்சியம்மனை நினைத்து, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து வைத்து வேண்டிக்கொண்டாள். தாயே, எப்படியாவது இதுக்குப் பேச்சைக் குடு, வேற எங்கயும் கிடைக்கலேன்னா என் நாக்குலேர்ந்து எடுத்தாவது குடு. வேண்டும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. எவ்வளவு நல்ல வேண்டுதல் என்று தன்மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ரெண்டாம் மாசம் பேச்சு வரத் தொடங்கியது. முதலில் வார்த்தை வரவில்லை, ராகம் வந்தது. கேட்கிற மாதிரி ஒரு ராகம், திட்டுகிற மாதிரி ஒரு ராகம், உள்ளே சொல் இல்லாத காலிப் பாத்திரங்கள் மாதிரி. மத்தியானம் முழிப்பு வந்ததும் பக்கத்தில் படுத்திருந்து தணிந்த குரலில் ஏதோ ஒரு ராகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும். சாமி பாட்டு பிடிக்கிறாள் போல என்று யமுனாவிடம் சொல்லியிருக்கிறாள். சாமி பாட்டு.

ஆதிரை பொம்மையைப் பாயில் கிடத்தியது. சொர்ணத்தாய் சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். தினகரைத்தான் எதிர்பார்த்தாள், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பிள்ளை எழுந்து நிற்கும், விரலை நீட்டும், அவர் கம்பெனியில் ஆட்களை மிரட்டுகிற மாதிரி எதையாவது செய்யும், செய்துவிட்டால் சாயங்காலம் யமுனாவிடம் ஒரு தலையாட்டலோடு முடிந்துவிடும். பிள்ளை நிற்கவில்லை. பொம்மைக்குப் பக்கத்தில் தானும் படுத்தது. ஒருக்களித்து, வலது கையை மடித்துக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, காலை லேசாக மடக்கி, அப்புறம் ரெண்டு கண்ணையும் மூடிக்கொண்டது. இமை துடித்தது, சிரிப்பை அடக்குகிற மாதிரி. ஆனால் சிரிப்பு இல்லை. தொண்டையைச் செருமியது, க்கும், பெரிய ஆம்பிளை செருமுகிற மாதிரி. அப்புறம் உதட்டை அரைகுறையாகத் திறந்து, கனமான நாக்கோடு, எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி, "அயுதா... வாய்ல துணி... அடச்சிவேன்" என்றது. பக்கத்து வீட்டு மிஷின் நின்றிருந்தது. கையைப் பொம்மையின் வாய்மேல் வைத்தது, கண்ணைத் திறக்கவே இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் சட்டென்று கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து, பல் தெரியச் சிரித்து, "சொண்ணி" என்றது. அவள் பெயரை அது அப்படித்தான் சொல்லும்.

வேர்வை முதுகில் ஓடியது. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு யார் மிரட்டுவார்கள்? எந்தத் தகப்பன் பிள்ளையைப் படுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மிரட்டுவான்? ஒருத்தர் மிரட்டியிருக்கிறார். சுவரில் படமாகச் சந்தனப் பொட்டோடு இருக்கிறார், செத்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் வீட்டுக்காரர் சுப்பையாவுக்கு நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். காலை எட்டுக்கு வந்து, குளித்து, தின்று, பத்து மணிக்குப் படுத்தால் சாயங்காலம் வரை தூங்கியாக வேண்டும், தூங்காத ஆள் மிஷினில் கையைக் கொடுத்துவிடுவான். அதில் அவர்மேல் தப்பில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை. பிள்ளை அழுதால் எங்கே கொண்டுபோவது, வெளியில் தகரக் கூரையைத் தாண்டினால் வெயில். பிள்ளை சிணுங்கும்போது அவர் ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, கண்ணைத் திறக்காமலே, க்கும் என்று செருமிவிட்டு அதைச் சொல்வார். சத்தம்கூடப் போட மாட்டார். சொல்லிவிட்டுத் தூங்கிப் போவார். ஒரு நாள்கூடப் பிள்ளைமேல் கை வைத்ததில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அவர் ஒரு நாளும் செய்ததில்லை. சொன்னதோடு சரி. செய்தது. செய்தது யாரென்று. இந்த இடத்துக்கு வந்தால் சொர்ணத்தாயின் நினைப்பு எப்போதும் திரும்பிப் போய்விடும், வாசல் தெளிக்க, பால் காய்ச்ச, விளக்குத் திரி திரிக்க, எதற்காவது. இன்றைக்குத் திரும்ப வழியில்லாமல் பிள்ளை பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. கதிரேசனுக்கு அன்றைக்குக் காதுவலி. ரெண்டு வயசு முடிந்து கொஞ்ச நாள். பால், காக்கா, வண்டி, அம்மா வா என்று நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை. சாமி சத்தியமாகப் பேசிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அழுகை, தூக்கினாலும் அழுகை, முதல் தடவை அவர் சொன்னார், ரெண்டாம் தடவை சொன்னார், மூன்றாம் தடவை செருமல் மட்டும் வந்தது, க்கும், அந்தச் செருமலுக்குப் பின்னால் அவர் எழுந்துவிடுவாரோ என்று அவள் பயந்தாள். கையெட்டும் தூரத்தில் பனியன் வேஸ்ட் மூட்டை கிடந்தது, கம்பெனியில் வெட்டிப் போட்டது, வீட்டில் தரை துடைக்க எடுத்து வைத்திருப்பார்கள். நீலத் துண்டு ஒன்று. சும்மா, ஒரு நொடிதான், சத்தம் வெளியே வராமல், அவர் திரும்பிப் படுக்கிற வரைக்கும். எவ்வளவு நேரம் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவர் திரும்பிப் படுத்தார். அவள் துணியை எடுத்தாள். எடுத்த பிறகும் பிள்ளை அழவில்லை. உதடு ஒரு நிறமாக இருந்தது. பிறகு மூச்சு வந்தது, இழுத்து இழுத்து வந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவ்வளவுதான், பார்த்தான். அன்றைக்குப் போன பால், காக்கா, வண்டி, அம்மா எல்லாம் திரும்பி வரப் பதினாலு மாசம் ஆயிற்று. வீட்ல எதுக்காச்சும் பயந்தானா. இல்ல டீச்சர்.

மூன்று மணிக்குப் பால்காரன் மணியடித்தான். எழுந்து, முருகா என்று வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு, பாலை வாங்கிக் காய்ச்சினாள். பொங்கி அடுப்பில் வழிந்தது, பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். கதிரேசன் இப்போது ஓசூரில் இருக்கிறான், நல்ல வேலை, நல்ல பெண்டாட்டி. போனில் பேசும்போது நடுவில் வாயைத் திருப்பிப் பெண்டாட்டியிடம் ஏதாவது சொல்வான், அதற்கு முன்னால் ஒரு செருமல், க்கும். அப்பா மாதிரியே இருக்கே என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், பெருமையாகத்தான். அந்தச் செருமலுக்கு அப்புறம் அந்தப் பெண்ணிடம் அவன் என்ன சொல்கிறான் என்று ஒரு நாளும் காது கொடுத்ததில்லை. போன வருஷம் கண் ஆபரேஷனுக்கு மகள் மங்கை வந்து ஆஸ்பத்திரியில் நாலு நாள் கூடப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில், "ஏம்மா, தூக்கத்துல பேசுதியே, தெரியுமா? முழிச்சிருக்கும்போது வாயத் திறக்க மாட்ட, தூங்குனா பிரசங்கம்லா பண்ணுத" என்று சிரித்தாள். "என்னட்டி சொன்னேன்?" மங்கையின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பா கொரல்லம்மா... ஒண்ணுமில்ல, விடு." அன்றைக்கு மத்தியானம் மங்கை தன் தலையணையை எடுத்துக்கொண்டு வராந்தா பெஞ்சுக்குப் போய்விட்டாள், உள்ளே காத்தே இல்லை என்றாள். காத்து இல்லை. நானும் அதை நம்பினேன், நம்பத்தானே செய்தேன். பத்து மாசம், ஞாயிறு போக நாள் தவறாமல், முகத்துக்கு நேரே முகம் வைத்து, வாய் அசைவது தெரிகிற மாதிரி, இந்தப் பிள்ளைக்கு முன்னால் அவள் பேசாமல் இருந்து பேசாமல் இருந்து, தூங்கியபின் பேசியிருக்கிறாள். முழித்திருக்கும் சொர்ணத்தாயிடம் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, சோறு, காக்கா, தூங்கு. அள்ள அள்ள வந்தது தூங்குகிறவளிடம் இருந்துதான். என் நாக்குலேர்ந்து எடுத்தாவது குடு. கொடுத்துவிட்டாளே. ஒரு சொல்லை விடாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாளே பேச்சி.

பேச்சோடு நின்றதா என்று ஒரு நினைப்பு வந்தது. சில நாள் மூன்று மணிக்கு முழிக்கும்போது முந்தானை நுனி கைக்குள் சுருட்டிப் பிடித்தபடி இருக்கும். நசநசவென்று ஈரமாக இருக்கும். வயசாகுது, வாய் ஒழுகுது என்று நினைத்துப் பிழிந்து உதறிக்கொள்வாள். யார் வாய்? பிள்ளை அந்த நேரத்தில் முழித்துக்கொண்டு, சத்தமில்லாமல், அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். எவ்வளவு சமத்து, முழிச்சா அழறதே இல்ல என்று யமுனாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். யமுனாவும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், எங்க அக்காகிட்ட விட்டா பாப்பா அழறதே இல்லீங்க என்று. சொர்ணத்தாய் தன் கைகளைப் பார்த்தாள். ஈரம் காய்ந்து, மஞ்சள் ஏறி, நரம்பு புடைத்த சாதாரணக் கைகள், தினமும் காலையில் பூ தொடுக்கிற கைகள். தூங்கியபின் இவை என்ன செய்யும் என்று இவற்றின் சொந்தக்காரிக்கே தெரியாது. ஆதிரை பாலைக் குடித்துவிட்டு மீசை வைத்துக்கொண்டு வந்து அவள் மடியில் ஏறப் பார்த்தது. அவள் முதன்முதலாக அதைக் கை வைத்துத் தடுத்தாள். பிள்ளை புரியாமல் நின்றது.

நாலரை. அஞ்சு. கம்பெனி வேன் ஒன்று தெருமுனையில் ஹாரன் அடித்துப் போனது. சொல்லாமல் இருந்தால் என்ன என்று நினைப்பு மெல்ல வாலாட்டிக்கொண்டு வந்தது. எதுவும் சொல்ல வேண்டாம், பொய்கூட வேண்டாம். யமுனா, அவருதானேக்கா என்று கேட்பாள். தலையைக் குனிந்தால் போதும். தெரியலையேம்மா என்றால்கூடப் போதும், அது பாதி உண்மைதான். நாளையிலிருந்து தூங்காமல் இருந்துகொள்ளலாம், தூக்கம் வந்தால் மிளகாயைக் கடிக்கலாம். பிள்ளை ரெண்டு மாசத்தில் மறந்துவிடும், இதுக்கென்ன நினைவிருக்கப் போகிறது. கதிரேசனுக்கு நினைவிருக்கிறதா என்ன? அந்த நினைப்பு அங்கேயே முட்டி நின்றது. சனிக்கிழமை அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வருவான். பிள்ளையே போய்விடும், அப்புறம் இந்தப் பாயும் அவளும்தான். எப்படிப் பார்த்தாலும் பிள்ளை போகத்தான் போகிறது. சொன்னால் இவளைவிட்டுப் போகும், சொல்லாவிட்டால் தகப்பனைவிட்டுப் போகும். தினகர் திங்கட்கிழமை அவரே வந்து பிள்ளையை விட்டார். பிள்ளையின் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தபிறகும் போகாமல் நின்றார். சவரம் செய்யாத முகம். "அம்மா, பாப்பா இங்க ஏதாச்சும்..." என்று தொடங்கி, சுவரைப் பார்த்து, அவளைப் பார்த்து, "ஒண்ணுமில்லீங்ம்மா, நல்லாத்தான் பாத்துக்கறீங்க" என்று முடித்துவிட்டுப் போனார். அவருக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியும், இந்தம்மா மேல் அதை வைக்க மனசு வரவில்லை. பொண்டாட்டி தன்மேல் வைத்ததை வாங்கிக்கொண்டு, இன்னொருத்தர்மேல் வைக்காமல் போன மனுஷன். அவரைத்தான் இவள் சாயங்காலம் ஒரு தலையாட்டலில் முடிக்கப் பார்க்கிறாள். முருகா. இந்தத் தடவை வாய்விட்டே வந்துவிட்டது. பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னக் குரல், "முக்கா."

ஆறு மணிக்கு விளக்கேற்றினாள். தினமும் சொல்கிற பாட்டின் முதல் வரி வந்தது, ரெண்டாவது வரவில்லை. திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்கினாள், அதே இடத்தில் அறுந்தது. சுடர் அசையாமல் நின்றது. சாமியிடம் என்ன கேட்பது, கேட்டதைத்தான் பேச்சி கொடுத்துவிட்டாளே. பேச்சியம்மனுக்கு ஒரு கையில் பிள்ளை, கடைவாயில் பல், காப்பாற்றுகிறாளா என்ன செய்கிறாள் என்று சின்ன வயசில் பயந்து பயந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. அழுகை எப்போது வந்தது என்று தெரியவில்லை. சத்தமில்லாத அழுகைதான், முப்பது வருஷத்தில் பழகியது, தோள் மட்டும் குலுங்கும். ஆனால் ஒரு விம்மல் மட்டும் வாயை மீறி வெளியே விழுந்தது. அதைக் கேட்டு ஆதிரை பொம்மையைப் போட்டுவிட்டு வந்தது. முன்னால் வந்து நின்று அவள் முகத்தை ஆராய்ந்தது. பயம் இல்லை, கோபம் இல்லை, செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. அப்புறம் கண்ணை மூடியது. நின்றபடியே தலையைச் சாய்த்து, கன்னத்துக்குக் கையைக் கொடுத்து, க்கும் என்றது. மற்றக் கையால் அவள் முந்தானையைத் தடவித் தேடி, நுனியைப் பிடித்து, சுருட்டி, அவள் வாய்மேல் கொண்டுவந்து வைத்து அமுக்கியது. வலிக்கவே இல்லை. ஒரு பூவின் கனம்தான். துணியில் பால் வாசனை அடித்தது. சொல்லைச் சொல்லவில்லை பிள்ளை, கை மட்டும்தான். எங்கே அமுக்க வேண்டும், எவ்வளவு நேரம் அமுக்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. சொர்ணத்தாய் அழுகையை நிறுத்தினாள். நிறுத்தியதும் கை விலகியது. கண் திறந்தது. "சொண்ணி சமத்து" என்றது. அது யாருடைய சொல் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

வெளியே வண்டிச் சத்தம். ஆதிரை "அம்மா, அம்மா" என்று வாசலுக்கு ஓடியது. யமுனா ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, பிள்ளையை வாரியெடுத்து, கழுத்தில் முகத்தை வைத்து ஒரு மூச்சு இழுத்தாள். அப்புறம்தான் இவளைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் என்ன தெரிந்ததோ, குரல் தணிந்தது. "கவனிச்சீங்களாக்கா? சொன்னாளா?" பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அவருதானுங்களே?" என்றாள். பதிலையும் சேர்த்துத் தட்டில் வைத்துக் கொடுத்தாயிற்று. எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சொர்ணத்தாயின் வாய் திறந்தது, அந்தப் பழைய இல்லை நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது, இருபத்தெட்டு வருஷமாக அங்கேயே குடியிருந்த மாதிரி. பிள்ளை அம்மா இடுப்பிலிருந்து இவளிடம் தாவக் கையை நீட்டிக்கொண்டிருந்தது, "சொண்ணி, சொண்ணி" என்று. அவள் ரெண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அவரு இல்லம்மா" என்றாள். "வா, உள்ள வந்து இப்படி உக்காரு. சொல்லுதேன், எல்லாத்தையும் சொல்லுதேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பாப்பாவ உன் மடியிலேயே வெச்சுக்கோ."